நாமும் நாங்களும்

1

அணை கட்டி ஊர் மூழ்குவதைப் பற்றி நம்மவர்கள் எழுத உட்கார்ந்தால் ஒரு கிழவரும் ஒரு கோயிலும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். கிழவர் மண்ணை விட்டு வர மறுப்பார். கோயில் கடைசியாக மூழ்கும். கோடையில் நீர் வற்றும்போது கோபுர நுனியோ நந்தியின் தலையோ வெளியே தெரியும். ஆசிரியர் கண் கலங்குவார், வாசகனும் கலங்குவான். கலங்கி முடித்த பிறகு இருவருக்கும் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

வைகை அணைக்காக ஊரிழந்தவர்களைப் பற்றிய வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003ல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. உழைப்பின் நுணுக்கங்களைச் சொல்லும் பக்கங்கள் அதில் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தலைப்பிலேயே விஷயம் தீர்மானமாகிவிடுகிறது. இதிகாசத்தில் வெள்ளம் விதியாகத்தான் வரமுடியும். விதியிடம் யாரும் மனுக்கொடுப்பதில்லை. அந்த நீரை ஒரு அரசாங்கம், ஒரு சட்டத்தின் கீழ், ஒரு தேதியில், சில கையெழுத்துக்களோடு கொண்டுவந்தது என்ற யதார்த்தம் இதிகாசத்தின் கனத்தில் கரைந்துபோகிறது.

ஒப்பாரி மோசமான இலக்கிய வடிவம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒப்பாரி செத்தவர்களுக்குப் பாடப்படுவது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு அதைப் பாடும்போது அவர்கள் முடிந்துபோனவர்கள் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். நில எடுப்பு அலுவலகத்தின் கோப்பும் இதையேதான் சொல்கிறது: இன்ன சர்வே எண், இன்ன தொகை, பைசல். கோப்பும் ஒப்பாரியும் எதிரெதிரானவை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயிரோடு எதிரில் நின்று 'எனக்குச் சேர வேண்டியது என்ன?' என்று கேட்கும் ஆளை இரண்டிலுமே காணோம்.

அப்படிக் கேட்கும் ஆள் இருக்கும் ஒரு பிரதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அது நாவலோ கவிதையோ இல்லை. ஒரு கடிதம்.

2

1994ல் நர்மதைக் கரையிலுள்ள ஜல்சிந்தி என்ற கிராமத்திலிருந்து பாவா மஹாலியா என்ற ஆதிவாசி விவசாயி மத்தியப் பிரதேச முதலமைச்சர் திக்விஜய் சிங்குக்கு எழுதிய கடிதம் அது. ஜல்சிந்தி அப்போது ஜாபுவா மாவட்டத்தில் இருந்தது. ஸர்தார் ஸரோவர் அணையின் நீர் மத்தியப் பிரதேசத்தில் முதலில் தொடவிருந்த ஊர் அதுதான். ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'தி டேம் அண்ட் தி நேஷன்' (1997) என்ற தொகுப்பில் வந்தது. நான் படித்ததும் ஆங்கிலத்தில்தான்.

தண்ணீர் வந்தால் தாங்கள் நகரப்போவதில்லை, மூழ்கத் தயாராகிக்கொண்டிருக்கிறோம், ஏன் என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறோம் என்று கடிதம் ஆரம்பிக்கிறது. இப்படி ஆரம்பிக்கும் ஒரு பிரதி உணர்ச்சிப் பெருக்காகத்தான் போகும் என்று எதிர்பார்ப்போம். அப்படிப் போகவில்லை. கணக்குப் போட ஆரம்பிக்கிறது. என்னென்ன தானியம் விளைகிறது, எதை விற்கிறோம், எதை விற்பதில்லை, வீடு கட்ட எத்தனை பேர் கூடுவார்கள், எந்த மரம் எதற்கு உதவும். ஆறு மேலிருந்து கொண்டுவந்து கரையில் போடும் வண்டலில் குளிர்காலத்தில் சோளமும் மக்காச்சோளமும் வெள்ளரி வகைகளும் விளைவதைக்கூட விட்டுவிடவில்லை. எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால் ஆற்று மீன்தான் கைகொடுக்கும் என்று ஓரிடத்தில் வருகிறது. அந்த விருந்தாளிக்கு எந்த நஷ்டஈட்டுப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

நம் நாவல்களிலும் இத்தகைய பட்டியல்கள் உண்டு. அங்கே அவை இழந்த சொர்க்கத்தின் அலங்காரங்கள். இங்கே அவை சொத்து விவரங்கள். ஒரே மரத்தின் பெயர் இரண்டு இடத்திலும் வரலாம். ஒரு இடத்தில் அது நினைவு, இன்னொரு இடத்தில் சாட்சியம். இலக்கியத்தில் உருவம் என்று நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

காட்டைப் பற்றிச் சொல்லும்போது, காடுதான் தங்களுக்கு வட்டிக்கடைக்காரன், அதுதான் பாங்க் என்கிறார் மஹாலியா. கெட்ட காலத்தில் அங்கேதான் போவார்களாம். நான் பாங்க் கௌண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவன். இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் இது ஒரு உவமை என்று தோன்றும், அதுவும் கொஞ்சம் பொருந்தாத உவமை. ஆதிவாசி வாழ்க்கையில் வட்டிக்காரனின் இடம் என்ன என்பது தெரிந்ததுதான். காட்டை அவனோடு ஒப்பிடுவது காட்டுக்குப் பெருமையா?

ஒப்பிடவில்லை என்பதுதான் விஷயம். முதலமைச்சருக்குப் புரியக்கூடிய பாஷையில் பெயர்த்துச் சொல்கிறார். காடு எங்கள் தாய் என்று சொல்லியிருந்தால் முதலமைச்சர் நெகிழ்ந்திருப்பார், கோப்பில் 'மத உணர்வுகள்' என்று குறித்துக்கொண்டிருப்பார்கள். பாங்க் என்றால் நெகிழ முடியாது. மழை பொய்த்த வருஷத்தில் ஒருவன் எதை நம்பிச் சாப்பிடுகிறான் என்பது பொருளாதாரக் கேள்வி. பாங்க்கில் கடன் வாங்க ஜாமீன் வேண்டும், கையெழுத்து வேண்டும், தவணை உண்டு. காட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். ஆனால் காடு எப்போது யாருக்கு எவ்வளவு கொடுக்கும், எந்தப் புல் எந்த மாதம், எந்த வேர் எந்த நோய்க்கு என்ற ஞானம் வேண்டும். காடில்லாத இடத்துக்குப் போனால் தலைமுறையாகச் சேர்ந்த இந்த ஞானம் உபயோகமற்றுப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக மறந்தும்போகும் என்று கடிதம் சொல்கிறது. இதுவும் நஷ்டக் கணக்குத்தான்.

பிறகு வருகிறது மையமான கேள்வி. தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்து வந்திருக்கிறோம், இந்த ஆற்றின் மீதும் காட்டின் மீதும் எங்களுக்கு உரிமை உண்டா இல்லையா, நீங்கள் அதை அங்கீகரிக்கிறீர்களா இல்லையா என்று கேட்கிறார் மஹாலியா. கடிதத்தில் கெஞ்சல் இல்லை. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி மட்டும் இருக்கிறது.

3

நஷ்டஈடு என்ற தமிழ்ச் சொல்லில் உள்ள 'ஈடு' சமம் என்ற அர்த்தமுடையது. அடமானப் பொருளையும் ஈடு என்போம். எதற்கு எது ஈடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அரசாங்கம் பேச வருகிறது.

1969ல் அமைக்கப்பட்ட நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979 டிசம்பரில் தன் இறுதித் தீர்ப்பை அளித்தது. 455 அடி, அதாவது 138.68 மீட்டர், முழு நீர்மட்டம் என்று நிர்ணயித்தது. அந்த மட்டத்துக்கு மூன்று மாநிலங்களிலுமாக 245 கிராமங்கள் பாதிக்கப்படும். நியாயமாகச் சொல்வதானால் அந்தக் காலத்து அளவுகோலில் அது தாராளமான ஆவணம். 1894ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இந்தத் தீர்ப்போ நிலத்துக்கு நிலம் என்றது. நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம், அதுவும் ஊர் மூழ்குவதற்கு முன்பே. ஆனால் இதெல்லாம் பட்டா உள்ள நிலத்துக்கு. பட்டா இல்லாமல் காட்டில் உழுத நிலத்துக்கும், நிலமே இல்லாதவர்களுக்கும் சேர்த்து 2 ஹெக்டேர் என்று குஜராத் 1987ல்தான் அறிவித்தது. மற்ற இரு மாநிலங்களும் அந்த அளவுக்கு வரவில்லை. ஆறும் காடும் மீனும் வண்டலும் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த ஆவணங்களின் ஆங்கிலத்தில் 'அவுஸ்டீ' என்று ஒரு சொல் வருகிறது. வெளியேற்றப்பட்டவர். நம் அரசாங்கங்கள் பெருவழக்காக்கிய சொல் இது. முரட்டுத்தனமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு: யாரோ வெளியேற்றினார்கள் என்பதை அது மறைப்பதில்லை. பிறகு 'திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்' என்ற சொல் வந்தது. புயலால் பாதிக்கப்பட்டவர் என்பது போல. வெளியேற்றியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிட்டார்.

1994ல் நர்மதா பச்சாவ் ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. மறு வருஷம் கட்டுமானம் நின்றது. 2000 அக்டோபர் 18ல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி பரூச்சா மாறுபட்டார். சுற்றுச்சூழல் ஆய்வே முறையாக நடக்காமல் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது அவருடைய நிலை. பெரும்பான்மைத் தீர்ப்போ, ஆதிவாசிகளை இடம்பெயர்ப்பது தன்னளவில் அவர்களுடைய உரிமைகளை மீறுவதாகாது, புதிய இடங்களில் முன்னைவிட நல்ல வசதிகள் கிடைத்து அவர்கள் மேலான நிலைக்கு வருவார்கள் என்ற கருத்தைக் கொண்டது. மஹாலியா ஆறு வருஷம் முன்பே இதற்குப் பதில் எழுதியிருந்தார். நகரத்தில் இருப்பவர்கள் மலையில் இருக்கும் எங்களை ஏழைகள், பின்தங்கியவர்கள், குரங்குகளைப் போன்றவர்கள் என்று நினைக்கிறீர்கள் என்பது அவர் கடிதத்தின் ஆரம்பப் பகுதியிலேயே வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, தனக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது என்பதே வழக்கு என்று தெரிகிறது. நீதிமன்றம் அந்த வழக்கைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்ற வேறொரு வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்தது.

இங்கே தமிழில் உள்ள ஒரு செளகரியத்தைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் சில பகுதிகளைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தின் 'வீ', ஹிந்தியின் 'ஹம்' இரண்டுமே கேட்பவனைச் சேர்த்தும் வரும், சேர்க்காமலும் வரும். தமிழ் அந்த மழுப்பலுக்கு இடம் கொடுப்பதில்லை. நாம் என்றால் நீயும் சேர்த்தி, நாங்கள் என்றால் நீ இல்லை. கடிதம் முழுக்க நாங்கள்தான். ஓரிடத்தில்கூட நாம் என்று போட முடியவில்லை.

அதற்கு நேர்மாறாக, வளர்ச்சித் திட்டங்களின் பேச்சு முழுவதும் நாம். 1948ல் ஹிராகுட் அணைக்காக ஊரிழக்கவிருந்தவர்களிடம் நேரு, கஷ்டப்பட வேண்டியிருந்தால் தேசத்தின் நலனுக்காகக் கஷ்டப்படுங்கள் என்ற பொருளில் பேசினார். தேசம் என்பது நாம். நாம் முன்னேறுகிறோம், நமக்கு மின்சாரம், நமக்குத் தண்ணீர். விலை கொடுக்கும் நேரம் வரும்போது மட்டும் நாமிலிருந்து சிலர் பிரிக்கப்பட்டு 'நீங்கள்' ஆகிறார்கள். கொடுத்து முடித்ததும் தியாகிகள் என்று மறுபடியும் நாமுக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். ஜல்சிந்திக்காரர்கள் 'நாங்கள்' என்று எழுதியதில் பிரிவினை எதுவும் இல்லை. ஏற்கெனவே நடந்துவிட்ட பிரிவினையை அவர்கள் எழுத்தில் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஒப்பாரி நாவல்கள் எந்தப் பக்கம்? அவை 'நாம் இழந்தோம்' என்று எழுதுகின்றன. மூழ்கியது நம் கிராமம், நம் கலாசாரம், நம் மண். இழந்தவனும், அந்த அணையின் மின்சாரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு படிப்பவனும் ஒரே துக்கத்தில் கலந்துவிடுகிறார்கள். அரசாங்கத்தின் நாமும் இதுவும் ஒன்றுதான்.

அருந்ததி ராயின் கட்டுரை (1999) இந்தத் தவறைச் செய்யவில்லை. புள்ளிவிவரங்களை அவர் கோபத்தோடு கையாண்டார், யார் லாபத்துக்கு யார் நஷ்டம் என்ற கணக்கைத் தெளிவாகவே போட்டார். ஆனால் அதில் முன்னால் நிற்பது நாங்களும் இல்லை, நாமும் இல்லை. நான். ராமச்சந்திர குஹா அப்போதே அந்த 'நான்' மீது எரிச்சல்பட்டு எழுதினார். எரிச்சல் அதிகப்படியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு நினைவிருப்பது ராயின் குரல்தான், பள்ளத்தாக்கிலிருப்பவர்களின் குரலல்ல.

4

கடிதத்தின் மீது ஒரு நியாயமான ஆட்சேபணையை எழுப்பலாம். அதில் வரும் வாழ்க்கை கொஞ்சம் அதிகமாகவே இசைவாக இருக்கிறது. அந்தப் பகுதி பிலாலா ஆதிவாசிகளிடையே தங்கி ஆராய்ந்த அமிதா பவிஸ்கரின் புத்தகம் (1995), அங்கே காட்டை வெட்டி உழும் நிர்ப்பந்தத்தையும், வனத்துறையோடு ஓயாத தகராறையும், தங்களுக்குள்ளேயே உள்ள பூசல்களையும் காட்டுகிறது. இயற்கையோடு இயைந்த ஆதிவாசி என்பது வெளியிலிருப்பவர்களின் ஆசை என்ற அவருடைய எச்சரிக்கை முக்கியமானது.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபணை நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். வாழ்க்கை அழகாக இருந்தால்தான் அதிலிருந்து வெளியேற்றப்படாமலிருக்கும் உரிமை உண்டா? அரைவயிறு சாப்பிட்டு, அண்ணன் தம்பியோடு வெட்டுக்குத்தில் இருந்து, வனக்காவலருக்கு லஞ்சம் கொடுத்துக் காலம் தள்ளுகிறவனுக்கு அது கிடையாதா? ஒப்பாரி இலக்கியத்தின் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. இழந்ததை அழகாக்கினால்தான் இழப்பு பெரிதாகும் என்று நினைக்கிறது. நாளைக்கு யாராவது வந்து அந்த ஊர் அவ்வளவு அழகில்லை, ஜாதிக் கொடுமை இருந்தது, பஞ்சம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், மூழ்கடித்தது சரிதான் என்றாகிவிடும். உரிமை என்பது நற்சாட்சிப் பத்திரத்தின் பேரில் வழங்கப்படுவதில்லை.

நாங்கள் என்பதற்குள்ளேயும் ஒரு கேள்வி இருக்கிறது. 1979 தீர்ப்பின்படி வயதுவந்த ஒவ்வொரு மகனும் தனிக் குடும்பமாகக் கருதப்பட்டான். வயதுவந்த மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. மூழ்கும் வயலில் களையெடுத்தவள் அவள், புதிய வயல் அவள் பெயருக்கு வராது. மஹாலியாவின் கடிதமும் இதைக் கேட்கவில்லை. பெண்கள் அதில் பிறந்த வீட்டுக்குப் போய்வருபவர்களாக, உறவைத் தொடர்புபடுத்துபவர்களாக வருகிறார்கள்.

இந்த இடத்தைத் தொட்ட படைப்பு ஒன்று கன்னடத்தில் இருக்கிறது. ஷராவதி அணையை வைத்து நா. டிசோஸா எழுதிய 'த்வீப'. கிரீஷ் காசரவள்ளி 2002ல் அதைப் படமாக்கினார், அந்த வருஷத்துத் தேசிய விருதும் கிடைத்தது. நாற்புறமும் நீர் ஏறி தீவாகிவிட்ட இடத்தில் ஒரு குடும்பம். அந்த மழைக்காலத்தில் அவர்களைக் காப்பாற்றுவது மனைவியின் புத்தியும் உழைப்பும். தண்ணீர் வடிந்ததும் கணவன் கடவுள் காப்பாற்றினார் என்கிறான். அவள் செய்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அரசாங்கம் அந்தக் குடும்பத்துக்குச் செய்ததை அவன் அவளுக்குச் செய்கிறான். காசரவள்ளி இதைக் கூச்சல் போடாமல் காட்டுகிறார். தீவை அவர் அழகாகவே படம்பிடித்திருக்கிறார். ஆனால் அந்த அழகை வைத்து அவர்களுக்காக வாதாடவில்லை. வெளியேற்றத்தைப் பற்றிய நம் இலக்கியத்தில் நான் கண்ட முதிர்ச்சியான பார்வை இதுதான்.

5

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2006ல் அணை 121.92 மீட்டரை எட்டியது. காட்டின் மீது எங்களுக்கு உரிமை உண்டா இல்லையா என்று 1994ல் கேட்ட கேள்விக்கு, உண்டு என்று பதில் சொன்ன வன உரிமைச் சட்டமும் அதே 2006ல் நிறைவேறியது. நிலத்துக்கு நிலம் என்பது மத்தியப் பிரதேசத்தில் நாளடைவில் நிலத்துக்குப் பணம் என்றாயிற்று. பணம் வந்த இடத்தில் தரகர்கள் வந்தார்கள், போலிப் பத்திரங்கள் வந்தன, உயர்நீதிமன்றம் நீதிபதி ஜா தலைமையில் ஒரு கமிஷன் போட வேண்டியதாயிற்று. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, ஜூலை 31க்குள் இடத்தைக் காலி செய்யவும் உத்தரவிட்டது. 2019 செப்டம்பரில் நீர் முதல் முறையாக 138.68 மீட்டரைத் தொட்டது.

60 லட்சம் பெரிய தொகைதானே என்று கேட்கலாம். நிலம் போன தொகையோடு கௌண்டருக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். ஊதாரித்தனம் என்று நாம் சொல்லிக்கொள்வதை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய கடன், ஒரு கல்யாணம், ஒரு வைத்தியச் செலவு, பிள்ளைகளுக்குள் பாகம். எல்லாம் நியாயமான செலவுகள். ஆனால் நிலம் போன வருஷம் விளைந்ததுபோல் இந்த வருஷமும் விளையும், பணத்துக்கு அந்தக் குணம் கிடையாது. காட்டைப் பாங்க் என்று சொன்னவருக்கு இது தெரிந்திருந்தது.

1894 சட்டம் போய் 2013ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தலைப்பிலேயே நியாயமான ஈடு, மறுவாழ்வு, மறுகுடியமர்த்தல் எல்லாம் இருக்கின்றன. தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படுவோரில் 80 சதவீதத்தினர் ஒப்புக்கொள்ள வேண்டும், தனியாரும் அரசும் கூட்டு என்றால் 70. அரசாங்கம் தனக்கே என்று எடுத்தால் இந்த ஒப்புதல் தேவையில்லை. அட்டவணைப் பகுதிகளில் கிராமசபையின் சம்மதம் வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மற்ற இடங்களில், அரசாங்கம் அணை கட்டினால் உண்டா இல்லையா என்று கேட்க வேண்டிய கட்டாயம் இன்றைக்கும் இல்லை. ஏனென்றால் அரசாங்கம் என்பது நாம், நாமே நம்மிடம் ஒப்புதல் கேட்பானேன்?

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை? சட்டத்தைத் திருத்துவது நம் வேலையில்லை. கொள்கை விளக்கக் கதைகள் எழுதச் சொல்லவும் இல்லை, அவற்றைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. வாக்கியத்தில் யார் எழுவாய், யாரைப் பார்த்துப் பேசப்படுகிறது என்பதில் சுரணையோடிருப்பது நம் வேலை. வெளியேற்றப்பட்டவனைப் பற்றி எழுதும்போது 'நாம்' என்று எழுத நமக்கு என்ன பாத்தியதை என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நம் வேலை.

பாவா மஹாலியாவின் கடிதத்தை யாராவது முழுமையாக, மூல ஹிந்தியிலிருந்தே, தமிழில் கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தில் படிக்கும்போது நான் வெறும் வாசகனாகத்தான் இருந்தேன். தமிழில் 'நாங்கள்' என்று எழுதியதும் எதிர்ப்பக்கத்தில் 'நீங்கள்' என்று ஒரு இடம் உண்டாகிவிட்டது. கடிதத்தில் அது முதலமைச்சருடைய இடம். வீட்டில் குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிற எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. கேள்விக்கு அங்கேயிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.